சாட்சி சொல்லும் ஊர்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் திருக்குறள், திருவாசகம், மிஞ்சிப்போனால் பாரதி. அந்த மேடையில் ஒரு சாவை மறைத்த கதையைப் பேசச் சொன்ன துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். நான் எடுத்துக்கொண்ட படம் ‘பாபநாசம்’. 2015 ஜூலை 3 அன்று வெளியானது. இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஒரு பாபநாசம் இருக்கிறது. பாபநாசம் சிவனின் கீர்த்தனைகளால் அந்தப் பெயர்தான் நாடெங்கும் தெரியும். இது நெல்லைச் சீமையில் உள்ள நம்முடைய பாபநாசம். பொதிகையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடம், நவகைலாயத்தில் முதல் கோயில் உள்ள ஊர். அங்கே குளித்தால் பாவம் போகும் என்பது நம்பிக்கை. பாவத்தோடு சேர்த்து உடுத்தியிருந்த துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தத் துணியைத் தன்னார்வலர்கள் படித்துறையில் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பாவம் கடலுக்குப் போயிற்றோ என்னவோ, துணி போகவில்லை. ஒன்றைப் புதைத்துவிட்டு அது வெளியே வராமல் காவல் இருக்கிற ஒருவனின் கதைக்கு இந்த ஊர்ப்பெயரைத் தலைப்பாக வைத்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

படத்தின் தாய்வீடு மலையாளம். ஜீத்து ஜோசப் 2013-இல் மோகன்லாலை வைத்து எடுத்த ‘த்ரிஷ்யம்’. கன்னடம், தெலுங்கு, இந்தி என்று போய், சிங்களத்துக்கும் சீனத்துக்கும்கூடப் போனது. தமிழில் மலையாள இயக்குநரே எடுத்தார். வசனம் ஜெயமோகன். நெல்லைத் தமிழை நாயகன் கமல்ஹாசன் நாவில் பழக்கியவர் நம்மூர் சுகா. படப்பிடிப்பு நெல்லைச் சீமையில் கொஞ்சம், கேரளத்துத் தொடுபுழைப் பக்கம் கொஞ்சம்.

பத்தாண்டு ஆன ஒரு மறுஆக்கத்தைப் பழைய பெரிய படங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாமா? வைக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு இரண்டு பழைய படங்களை எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

1954 ஏப்ரல் 13. ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது திருநெல்வேலி டவுனில் ரத்னா, பார்வதி கொட்டகைகளுக்குப் பாட்டுக்காகவே இரண்டாம் ஆட்டம் போனவர்களுக்குத் தெரியும். 1943 அக்டோபரில் சென்னையின் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்ததை ஒட்டிய கதை. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போலீஸ் விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்லிலும் ஒரு ராஜன் எழுந்து வருகிறான். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சிவாஜி, படம் தொடங்கியதும் பிணமாகக் கிடக்கும் வேஷத்தை, அதுவும் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் வேஷத்தை ஏற்றுக்கொண்டார். சுட்டது மனைவி உஷா. பண்டரிபாய் அந்த உஷாவை எந்தப் பதற்றமும் காட்டாமல் செய்திருப்பார். கடைசிவரை நம் சந்தேகம் அந்தப் பக்கம் போகாததற்கு அந்த நிதானம்தான் காரணம்.

பத்தாண்டு கழித்து 1964-இல் ‘புதிய பறவை’. தாதா மிராசி இயக்கியது. இறந்துபோன மனைவி உயிரோடு திரும்பி வருகிறாள். வருவது நாடகம், நடத்துவது போலீஸ், கணவன் கோபாலின் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதற்காக. சிவாஜியும் சரோஜாதேவியும் சௌகார் ஜானகியும் அதில் செய்தவற்றைச் சொல்ல இன்னொரு அறக்கட்டளை வேண்டும்.

நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ‘அந்த நாளில்’ சாட்சிகளின் பேச்சு வழியாகப் போலீஸ் உண்மைக்குப் போகிறது. ‘புதிய பறவை’யில் போலீஸே நடித்து உண்மையைக் கறக்கிறது. ‘பாபநாசத்தில்’ நடிக்கிறவன் குடிமகன். சாட்சி சொல்கிறவர்கள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது உண்மை இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துகிறவர். (உவரிச் சுயம்புலிங்க சாமி இருக்கிற சீமையில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.) படிப்பு கிடையாது, பார்த்த சினிமாதான் படிப்பு. மனைவி ராணி, மகள்கள் செல்வியும் மீனாவும். ஐ.ஜி. கீதா பிரபாகரின் மகன் செல்வியை மறைந்திருந்து செல்போனில் படம் எடுத்து மிரட்ட, கைகலப்பில் அவள் கையால் அவன் இறந்துபோகிறான். எருக்குழியில் புதைக்கிறார்கள். விடிந்து வீட்டுக்கு வரும் தகப்பன் செய்கிற முதல் காரியம், அந்த நாளையே ஊரின் நினைவிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு நாளை அங்கே வைப்பது.

ஹிட்ச்காக் ஒரு விளக்கம் சொல்லுவார், த்ரூஃபோவிடம் கொடுத்த நீண்ட பேட்டியில் இருக்கிறது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் அது பதினைந்து விநாடி அதிர்ச்சி. இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் அது பதினைந்து நிமிஷத் தவிப்பு. ‘பாபநாசம்’ இதில் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. யார், எப்படி, ஏன் எல்லாம் நமக்குத் தெரியும் என்று நம்பவைத்துத் தவிக்கவிடுகிறது. பிணம் எங்கே என்ற ஒன்றை மட்டும் நம்மிடமும் மறைத்து, கட்டிமுடித்த புதுப் போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கு அடியில் வைத்து, கடைசியில் அதிர்ச்சியையும் கொடுக்கிறது. இத்தனைக்கும் படத்தின் ஆரம்பத்திலேயே அந்த ஸ்டேஷனில் சுயம்புலிங்கத்தை உட்காரவைத்துவிடுகிறார் இயக்குநர்.

இனி அந்தச் சாட்சிகளின் விஷயம். கேபிள்காரர் என்றால் யார்? மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறவர். மழைநாளில் ஒயர் அறுந்தால் கூப்பிடுகிற ஆள். எந்த வீட்டில் எந்தச் சீரியல் ஓடுகிறது, எந்த வீட்டில் இரண்டு மாச பாக்கி என்று தெரிந்தவர். இப்படி ஒருவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு ஞாபகம் இருக்கும், ஓட்டலில் சாப்பிட்டால் முதலாளிக்கு ஞாபகம் இருக்கும். எது ஞாபகம் இருக்காது? தேதி. சுயம்புலிங்கம் கண்டுபிடித்தது இந்த ஓட்டையைத்தான். குடும்பத்தோடு வெளியூர் போய்த் தியானச் சொற்பொழிவு கேட்டது உண்மை, ஓட்டலில் சாப்பிட்டது உண்மை, படம் பார்த்தது உண்மை, போன நாள்தான் வேறு. பிறகு அதே ஆட்களிடம் திரும்பிப் போய், பேச்சோடு பேச்சாகத் தேதியை மட்டும் அவர்கள் நினைவில் ஒட்டிவிட்டு வருகிறார்.

இது சினிமாச் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். வேகம் எவ்வளவு இருக்கும் என்று கேட்கும்போது ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 32 என்றார்கள். பார்த்தது ஒரே படம், கேள்வி மாறியதும் பார்த்ததே மாறிவிட்டது. பள்ளிக்கூடம் தாண்டாத கேபிள்காரரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் சினிமாவை வைத்தே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். கான்ஸ்டபிள் பெருமாள். இறந்துபோன பையனின் காரைச் சுயம்புலிங்கம் ஓட்டிப்போனதைக் கண்ணால் கண்டவன். படத்தில் நடந்ததை நடந்தபடி சொல்கிற ஒரே சாட்சி அவன்தான். அவனை நாம் நம்ப விரும்புவதில்லை. லஞ்சம் வாங்குகிறவன், சுயம்புலிங்கத்தோடு பகை உள்ளவன் என்று ஊருக்கே தெரியும். மெய் சொல்கிறவன் அயோக்கியன், பொய்யை வாழவைக்கிறவர்கள் நல்லவர்கள் என்ற இந்த ஏற்பாடுதான் திரைக்கதையின் முதுகெலும்பு. கலாபவன் மணி பெருமாளை வெறுக்கத்தக்கவனாகச் செய்த அளவுக்குச் சுயம்புலிங்கத்தின் பொய்க்குப் பலம் கூடுகிறது. ‘ஜெமினி’யில் விலங்குகள்போல் குரல் மாற்றிச் சிரிக்கவைத்த அந்த மனிதர், இதில் அந்த வித்தை எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு வெறும் பார்வையால் வேலைபார்த்தார். 2016 மார்ச்சில் காலமானார்.

சட்டம் படிக்கிற மாணவர்கள் இருந்தால் எருக்குழியைத் தோண்டும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நம் சாட்சியச் சட்டத்தில், படம் வந்த காலத்தில் 1872-ஆம் வருஷத்துச் சட்டம், 25-ஆவது பிரிவின்படி போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டது நீதிமன்றத்தில் செல்லாது. 27-ஆவது பிரிவு அதற்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது. காவலில் உள்ள குற்றஞ்சாட்டப்பட்டவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் அதோடு தொடர்புள்ள பகுதி செல்லும். அந்தக் குடும்பம் பல மணி நேர அடியைத் தாங்கியதும், சின்னவள் மீனா தாங்கமுடியாமல் எருக்குழியைக் காட்டியதும் இந்த வாசலில் வந்து முட்டி நிற்கின்றன. மண்ணுக்குள்ளிருந்து ஒரு விலங்கின் உடல் வருகிறது. ஊடகமும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நொடியில் வாக்குமூலம் வெறும் சித்திரவதைக் கதையாகிவிடுகிறது. சுயம்புலிங்கத்துக்குப் பிரிவு எண் தெரிந்திருக்காது. எடுத்துக் காட்டப் பொருள் இல்லாவிட்டால் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது தெரியும்.

அடி என்றேன். அதை இந்த மண்ணில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. படம் வந்தபோது அந்தக் காட்சியைச் சிலர் மிகை என்றார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. கடையடைக்கும் நேரத் தகராறில் பிடித்துப்போன தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஒரு போலீஸ் அதிகாரி மீது புகார் எழுந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில் விக்கிரமசிங்கபுரம், அவ்வளவுதான் தூரம். இப்போது அந்தக் காட்சியை மிகை என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

நடிப்புக்கு வருவோம். நடிகர் ஒருவர், நடிக்கத் தெரிந்த ஒருவனாக நடிப்பது எப்படி? கதையில் சுயம்புலிங்கம் ஒரு நடிகர், கூடவே தன் குடும்பத்துக்கு டைரக்டர். போலீஸ் வந்தால் என்ன கேட்கும், யார் எங்கே நிற்க வேண்டும், எதில் தடுமாற வேண்டும், எதில் தடுமாறக் கூடாது என்று ஒத்திகை பார்க்கிறவர். கமல்ஹாசனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் பெரிய நடிகர் என்பது கொட்டகைக்குள் வருகிற எல்லோருக்கும் தெரியும். நன்றாக நடித்தால் சுயம்புலிங்கம் போலீஸ் கண்ணில் மாட்டிக்கொள்வார். நடிக்காவிட்டால் பார்க்கிற நமக்கு ஒன்றும் இல்லை. அவர் கண்ட வழி, உடம்பைச் சிறிதாக்குவது. வேட்டி, மீசை, கொஞ்சம் உள்வாங்கிய தோள். அதிகாரிகள் முன்னால் கைகள் எங்கே இருப்பது என்று தெரியாமல் இருக்கின்றன, பேசி முடித்த பிறகும் முகம் பேச்சிலேயே நிற்கிறது. பயப்படுகிறார், ஆனால் குற்றவாளியின் பயமாக அது தெரியவில்லை. காக்கிச்சட்டையைப் பார்த்தால் எளிய ஜனங்களுக்கு வருகிற பயமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பதோ குற்றவாளியின் பயமேதான். பார்க்கிற நமக்கு இரண்டும் தெரிகிறது.

பேச்சும் இதில் ஒரு கை கொடுத்திருக்கிறது. சினிமாவில் திருநெல்வேலித் தமிழ் என்றால் வரிக்கு ஒரு ‘ஏலே’ போட்டு முடித்துவிடுவார்கள். ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவில் நாம் வைத்திருக்கிற ‘நீரு’, சிநேகிதத்தையும் மரியாதையையும் ஒரே எழுத்தில் அடக்கிய ‘வே’, ‘சொல்லுதேன்’, ‘இருக்காக’ இவையெல்லாம் வெளியாட்கள் காதில் விழுவதே இல்லை. ‘சதிலீலாவதி’யில் கொங்குத் தமிழும் ‘தெனாலி’யில் ஈழத்தமிழும் பேசிப்பார்த்த கமலுக்கு இங்கே சுகாவின் காது துணைக்கு வந்தது. ஆனாலும் முற்பாதியில் உப்பு சற்றுத் தூக்கல்தான், சிரிப்புக் காட்சிகளில் பேச்சு நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. பையன் இறந்த பிறகு அது அடங்கிவிடுகிறது. அங்கிருந்து மேலிடத்து ஆட்களின் எதிரே சுயம்புலிங்கம் தன் பேச்சைத் திருத்திக்கொள்வதே இல்லை. டீக்கடையில் எப்படியோ அப்படியே விசாரணையிலும். மண்ணின் பேச்சு பேசுகிறவன் சூதுவாது தெரியாதவன் என்று மேலிடம் நினைக்கும் என்பதும் அவர் கணக்கில் சேர்த்தி.

அந்தக் கணக்கைப் பார்த்துவிடுகிற ஒருத்தி கீதா பிரபாகர். ஆஷா சரத் இதே பாத்திரத்தை மலையாளத்திலும் கன்னடத்திலும் செய்துவிட்டு மூன்றாவது முறையாகத் தமிழில் செய்தார். அலுப்புத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. குடும்பம் முழுக்க ஒரே வரிசையில் ஒரே விவரத்தைச் சொல்லும்போது, பொய் இங்கேதான் இருக்கிறது என்று அவர் முகத்தில் ஓடுவதைக் கவனியுங்கள். உண்மை சொல்கிற நான்கு பேர் இவ்வளவு ஒத்துப்போக மாட்டார்கள். கண்டுபிடித்ததற்கு ஆதாரம் இல்லை, தேடுகிறது தன் பிள்ளையை. அதிகாரி தோற்கும் இடத்தில் தாய் அடிக்க ஆரம்பிக்கிறாள், அதன் பிறகு நம் அனுதாபம் அவளை விட்டுப் போய்விடுகிறது. கடைசியில் அதைத் திரும்பப் பெறுகிறாரே, அது பெரிய காரியம்.

என் கணக்கில் இவர்கள் இருவரைவிடக் கடினமான வேலை கவுதமிக்கு. அவர் நடிக்க வேண்டியது, நடிக்கத் தெரியாத ஒருத்தியாக. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரைக்கு வந்தவர். ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’ காலத்துக் கவுதமியை எதிர்பார்த்துப் போனவர்கள் ராணியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். கணவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிறாள் ராணி. ஒப்பிப்பது போல் இருக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு கட்டளைக்கும் நடுவில் தொண்டை அடைக்கிறது. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் அவர் கண் முதலில் போவது மகள்களிடம், பிறகு எருக்குழிப் பக்கம், உடனே திரும்பிவிடுகிறது. கமலின் வேலை கைதட்டலுக்கு வந்தது, கவுதமியின் வேலை விமர்சனங்களில் ஒரு வரியோடு போயிற்று. ‘தேவர் மகனில்’ கொலை செய்த கையோடு கமல் போலீஸோடு நடந்துவிடுகிறார், கதை முடிகிறது. இங்கே யாரும் நடந்துபோகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து, சமைத்து, பிள்ளைகளுக்குத் தலைபின்னி, அந்தக் குழிக்குப் பக்கத்தில் வாழ்கிறவள் ராணி.

படத்தோடு எனக்குத் தீராத ஒரு சண்டையும் உண்டு. படம்பிடிக்கப்பட்ட பெண்ணுக்கு வந்தது மானக்கேடு என்று படமே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அது வெளியே வந்தால் குடும்பம் செத்ததற்குச் சமம் என்ற கணக்கின் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. வெட்கப்பட வேண்டியவன் படம் எடுத்தவன் என்று கதைக்குள் ஒருவர் அழுத்திச் சொல்லியிருந்தால் இவ்வளவு புதைப்பும் தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

கடைசியாக அந்தத் தண்ணீர்க் கரைக் காட்சி. வேலையை விட்டுவிட்ட கீதாவும் கணவர் பிரபாகரும், மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை மட்டும் சொல்லும்படி கேட்கிறார்கள். மோகன்லால் அதை ஏறத்தாழ ஒரு முணுமுணுப்பாக முடித்தார். கமல் உடைந்து அழுகிறார். இதில் எது சரி என்று இரு மாநிலத்து ரசிகர்களும் இன்றுவரை விட்டபாடில்லை. அழுததில் தப்பில்லை என்பேன். அந்தப் படம் முழுக்க அந்த மனிதர் உண்மையான எந்த உணர்ச்சியையும் ஊர் பார்க்கக் காட்டியதே இல்லை, காட்டியதெல்லாம் ஒத்திகை. ஒத்திகை இல்லாமல் அவர் பேசுகிற ஒரே இடம் அது. அழுகையின் நீளம்தான் எனக்குக் கொஞ்சம் அதிகம். முதல் விம்மலிலேயே ஆஷா சரத்தின் முகம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுவிட்டது, அதன் பிறகு வருவது நமக்காக வருகிறது.

ஜீத்து ஜோசப் 2021-இல் மலையாளத்தில் ‘த்ரிஷ்யம் 2’ எடுத்தார். அதில் போலீஸ் பக்கத்து வீட்டில் ஆள் குடிவைக்கிறது. பல காலம் நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை ராணி அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒருநாள் சொல்லிவிடுகிறாள். ஊர் முழுக்க நினைவை மாற்றி எழுதியவனால் தன் வீட்டுக்காரியின் நினைவை எழுத முடியவில்லை. தமிழில் அந்தப் பாகம் வரவில்லை. இனி வந்தால், அதைக் கமல் படம் என்று விளம்பரம் செய்யாமல் கவுதமி படம் என்று செய்யச் சொல்வேன்.